எரியாத கார்டு

1. கவுன்டர்

ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பெண் எங்கள் கவுன்டரில் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, "நான் எரிக்கலைங்க" என்றார். வணக்கம் இல்லை, பெயர் சொல்லவில்லை. வாயைத் திறந்ததும் வந்த முதல் வார்த்தையே அதுதான்.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் பாகங்களுக்கான ஒரு சர்வீஸ் சென்டரில் நான் இருபத்து நாலு வருடம் டெக்னீசியனாக இருந்தேன். அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். இத்தனை வருடத்தில் கவுன்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் "சார் யாரும் இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் பழகிவிட்டேன். பழகாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று. எழுதும்போதே கோபம் வருகிறது. வரட்டும்.

வந்தவர் பெயர் கௌரி, திண்டிவனம். முப்பத்தைந்து வயது இருக்கும். விழுப்புரத்தில் ஒரு கட்டட டிசைன் ஆபீசில் ஒன்பது வருடம் 3டி வரைந்தவர். கட்டப்போகும் வீட்டைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார்களே, அந்த வேலை. உழைப்பு இவருடையது, பெயர் ஆபீசுக்கு. போதும் என்று விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே சொந்தமாகச் செய்ய முடிவெடுத்திருக்கிறார். வீடியோ பார்த்துப் பார்த்து, பாகம் பாகமாக வாங்கி, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டார். கடைசியாக வாங்கியது கிராபிக்ஸ் கார்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திண்டிவனத்துக் கடையில் வாங்கி, வீட்டுக்கு வந்த கையோடு பூட்டி, பவர் கொடுத்திருக்கிறார். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'.

"புதன்கிழமை காலையில ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாக்த்ரூ காட்டணுங்க மேடம். எனக்கு வந்த மொத வேலை. திண்டிவனத்துல ஒரு இன்ஜினியர் நம்பிக் குடுத்துக்கிறாரு. மாடல் எல்லாம் பழைய லேப்டாப்புலயே முடிச்சிட்டேன். அத வீடியோவா ரெண்டர் எடுக்கத்தான் இந்த மிஷினு. இது ஓடலன்னா வேலை என் பழைய ஆபீசுக்கே பூடும்."

"கடையில கேட்டீங்களா?"

"எடுத்துக்கினு போனேங்க. பெட்டியத் தொறந்துகூட பாக்கல. 'வீட்லயே பூட்டனீங்களா? கை பட்டு ஷார்ட் ஆயி எரிஞ்சிருக்கும்மா. நானே அசெம்பிள் பண்ணித் தர்றேன்னு அப்பவே சொன்னேன்'றாரு. அத்தோட உட்டாரா? அந்த இன்ஜினியருக்கு போன் போட்டு, 'அந்தம்மா புது கார்ட எரிச்சிட்டாங்க சார், அவங்கள நம்பிக்கினு இருந்தா பேஜாரு'ன்னு சொல்லிக்கிறாரு. நான் கடையில நிக்கும்போதேங்க."

சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட நான் ஆறுதல் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவர் கொதித்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டியைத் திறந்தேன். கார்டின் கறுப்பு மூடியில், இரண்டு ஃபேனுக்கும் நடுவே, மூன்று சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

"ஏம்மா, இது கார்டா, கலசமா?" என்று கேட்டேன்.

"நான் வைக்கலைங்க. கடையில வெச்சாங்க. பெரிய சாமானு எது வித்தாலும் அவரே சாமி படத்துக்கு முன்னாடி காட்டி, பொட்டு வெச்சித்தான் தருவாரு."

"வீட்டுக்குப் போய்த் துடைச்சிருக்கலாமே."

"சாமிக்குக் காட்டிட்டு வெச்சதுங்க. எப்படி மேடம் தொடைக்கிறது?"

நியாயம்தான். செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களான எங்கள் நயினார் குடும்பங்களிலும் புதுக் கணக்கு நோட்டுக்குப் பொட்டு வைத்தால் அதை யாரும் அழிக்கமாட்டோம்.

2. பெஞ்சு

முதலில் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் குத்தினீர்களா, கார்டில் குத்தினீர்களா? பாதிப் பேர் செய்யும் தப்பு இதுதான். "கார்டுலதாங்க." பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குத் தனியாக வரும் எட்டு பின் கேபிள்? "கிளிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தனேன்." புராசசரில் சொந்தமாக டிஸ்ப்ளே உண்டா? "இல்லீங்க, எஃப் மாடலு. கார்டு போடப்போறீங்களே, அதுவே போதும்னு கடையில சொன்னாங்க." மதர்போர்டில் எந்த லைட் நிற்கிறது? "விஜிஏன்னு எழுதிக்கிற எடத்துல வெள்ளை லைட்டு." பதில் எல்லாம் டக் டக் என்று வந்தது. எங்கள் சென்டருக்கு வேலை கேட்டு வருகிற பையன்கள் பாதிப் பேருக்கு இந்தத் தெளிவு கிடையாது. இவரைத்தான் 'எரித்துவிட்டார்' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

கார்டை எங்கள் டெஸ்ட் பெஞ்சில் பூட்டினேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. அங்கேயும் கார்டு கிடைக்கவில்லை என்று சொல்லும் அதே வெள்ளை லைட்.

எங்கள் தொழிலில் இதோடு விசாரணை முடிந்தது. நல்ல மிஷினில் போட்டும் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் கார்டு டெட். அடுத்த வேலை, கார்டைப் போட்டோ எடுத்து வாரன்டிக்கு அனுப்புவது. போட்டோவுக்காக லென்ஸ் விளக்கின் கீழே கார்டைத் திருப்பினேன். அடிவிளிம்பில், மதர்போர்டின் ஸ்லாட்டுக்குள் இறங்குகிற பொன்னிறத் தகடுகள் வரிசையாக இருக்கும். கோல்டு ஃபிங்கர் என்போம். அதன் ஒரு பக்கம் பளபளப்பு இல்லாமல் மங்கலாக, மஞ்சள் பூத்த மாதிரி இருந்தது.

எங்கள் மேனேஜர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஃபாரத்தில் இருப்பதைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர்.

"கறை இருக்குது பாருங்க மேடம். ரிஜெக்ட் போட்டுடுங்க. கோல்டு ஃபிங்கர்ல அந்நியப் பொருள், கஸ்டமர் டேமேஜ். அஞ்சு நிமிஷ வேலை."

அந்த வரியை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனையோ முறை நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட வரி. அந்த அந்நியப் பொருள் என்னவென்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அன்று கார்டை மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசனை.

"கடைக்காரர் பொட்டு வைக்கும்போது பக்கத்துல இருந்தீங்களா?" என்று கௌரியைக் கேட்டேன். "எப்படி வெச்சாரு? செஞ்சு காட்டுங்க."

கௌரி காட்டினார். இடது உள்ளங்கையில் சந்தனத்தூளைப் போட்டு, பன்னீர் விட்டு, வலது விரலால் குழைப்பாராம். குழைத்த அதே இடது கையால் கார்டை அடிவிளிம்போடு சேர்த்து ஏந்திக்கொண்டு, வலது கை மோதிர விரலால் மேலே பொட்டு வைப்பாராம். அதாவது, கோல்டு ஃபிங்கரின் அந்தப் பக்கம் முழுக்கச் சந்தனக் குழம்பில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தன் உள்ளங்கையில் இருந்ததைக் கார்டில் பூசி அனுப்பிவிட்டு, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "உன் கை பட்டு எரிந்தது" என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி வாய் வருகிறது?

"ரிஜெக்ட் போடமாட்டேன் சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரை எடுத்தேன். தகடுகளின் மேல் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தேன். ரப்பர் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பிறகு ஐ.பி.ஏ. நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்தேன். ஐ.பி.ஏ. என்பது நாங்கள் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் ஆல்கஹால். பெஞ்சு ஸ்லாட்டையும் துடைத்துவிட்டுக் கார்டைப் பூட்டிப் பவர் கொடுத்தேன்.

டிஸ்ப்ளே வந்தது.

கௌரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா மேடம்? நான் எரிக்கலைன்னு சொன்னேன்ல?" என்று சண்டைக்கு வருவதுபோலக் கேட்டார். மேல் மூடியில் இருந்த பொட்டை நான் தொடவில்லை. அதனால் கார்டுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. பெட்டியில் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

3. மறுபடியும் வெள்ளை லைட்

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அமாவாசை. காலையில் போன் வந்தது.

"மேடம், மறுபடியும் அதே வெள்ளை லைட்டு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து கழட்டிக் கழட்டி மாட்டிக்கினு இருக்கேன்." இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஒருவேளை நெசமாவே என் கைதான் சரியில்லையா மேடம்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கேள்வியை அவர் வாயில் வரவழைத்தது நான். கார்டைத் துடைத்தவள், கார்டு முதலில் இறங்கிய இடத்தை மறந்துவிட்டேன். சந்தனம் ஈரமாக இருந்தபோது பூட்டியது அவர் வீட்டில். அவருடைய ஸ்லாட்டுக்குள் அது வழிந்து காய்ந்திருக்கும். எங்கள் பெஞ்சு ஸ்லாட்டைத் துடைக்கத் தெரிந்த எனக்கு, "உங்கள் ஸ்லாட்டையும் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

மேனேஜர், "கம்ப்ளெயின்ட் குளோஸ் ஆயிடுச்சி மேடம், வீட்டுக்கெல்லாம் போக முடியாது" என்றார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டம். மஞ்சள் புடவைகள், குழந்தைகள், பைகள். இருக்கிற பஸ்ஸையெல்லாம் அங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். திண்டிவனம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். நின்ற நேரம் முழுக்க அந்தக் கடைக்காரரை மனதுக்குள் வறுத்தெடுத்தேன்.

கௌரி வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தபோது இன்னும் கோபம் வந்தது. அவ்வளவு சுத்தமாகப் பூட்டியிருந்தார். கேபிள்கள் பின்பக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. ஸ்குரூ ஒன்றுகூட லூஸ் இல்லை. பக்கத்தில் ஒரு நோட்டில் எந்த கேபிள் எங்கே போகிறது என்று படம் வரைந்து வைத்திருந்தார்.

கார்டைக் கழற்றி, ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே பின்களுக்கு இடையில் மஞ்சள் பொடி. மெல்லிய பிரஷ்ஷால் கிளறி, ஊதி எடுத்தேன். ஐ.பி.ஏ. விட்டு மறுபடி பிரஷ். மூன்று முறை. வெள்ளைத் துணியில் மஞ்சள் ஒட்டாமல் வரும் வரை விடவில்லை. நன்றாகக் காயவிட்டேன். காய்கிற நேரத்தில் கௌரி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை அவித்துக் கொண்டுவந்து வைத்தார். இருவரும் உரித்துத் தின்றோம்.

"நீங்களே பூட்டுங்க" என்றேன்.

"நானா?"

"உங்க மிஷின்தானே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கார்டை விளிம்பில் பிடித்து, நேராக இறக்கி, கிளிக் என்று அழுத்தினார். பவர் கொடுத்தார். வெள்ளை லைட் வந்தது. லைட் அணைந்தது. மானிட்டர் விழித்துக்கொண்டது.

பகல் பன்னிரண்டு மணிக்கு ரெண்டர் ஓடத் தொடங்கியது. மண்டபத்தின் வாசல், வளைவு, மணவறை என்று ஒவ்வொன்றாகத் திரையில் எழும்பி வந்ததை ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றார் கௌரி.

"ரெண்டர் ஓடட்டும்" என்றேன். "வாங்க, கடைக்குப் போவோம்."

4. உள்ளங்கை

கடைக்காரர் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் புது கார்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தார். கடைக்காரரின் இடது உள்ளங்கையில் சந்தனம் குழைந்துகொண்டிருந்தது. கௌரி நடித்துக் காட்டியதில் ஒரு அசைவுகூடப் பிசகவில்லை.

"நிறுத்துங்க" என்றேன். நான் யார் என்று சொன்னேன். கௌரியின் கார்டில் என்ன இருந்தது என்றும் சொன்னேன்.

"அமாவாசையும் அதுவுமா சாமி குத்தம் பேசறீங்களேம்மா" என்றார் அவர்.

"சாமியை நான் ஒண்ணும் சொல்லல. உங்க உள்ளங்கையச் சொல்றேன். பொட்டு வைங்க, வேணாங்கல. பெட்டி மேல வைங்க. கரண்ட் போற எடத்துல ஏன் பூசறீங்க?"

"இத்தினி வருசமா வெச்சிக்கினுதான் இருக்கேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"எப்படிச் சொல்லுவாங்க? வந்தவங்களையெல்லாம் நீ எரிச்சிட்டன்னு திருப்பி அனுப்பிட்டீங்களே!"

அவர் சிரித்தார். "சரி உடுங்க மேடம். தொடைச்சா சரியாயிடுச்சில்ல? அதுக்குப் போயி ஏன் இம்மாம் டென்ஷனு?"

அந்தச் சிரிப்பில்தான் என் பொறுமை தீர்ந்தது. துடைத்தால் சரியாகிவிடுமாம். கார்டு சரியாகிவிடும், ஐயா. திண்டிவனம் முழுக்க இந்தப் பெண்ணைப் பற்றிப் பரப்பிவிட்ட பேச்சை எந்த ரப்பர் வைத்துத் தேய்ப்பது? நான் வாயைத் திறப்பதற்குள் கௌரி முந்திக்கொண்டார்.

"இன்ஜினியர் சாருக்கு போன் போடுங்கண்ணே. எரிச்சிட்டாங்கன்னு சொன்னீங்கள்ல? இப்ப எரிக்கலன்னு சொல்லுங்க."

"அப்புறமா சொல்றேம்மா, பூசை முடியட்டும்."

"அன்னிக்கு என்ன நிக்க வெச்சிக்கினு ஜல்தியா போட்டீங்கள்ல, அதே மாரி இப்ப போடுங்க."

காத்திருந்த வாடிக்கையாளர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். மெதுவாக மேஜை மேல் இருந்த தன் கார்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "எனக்குப் பொட்டு வேணாண்ணே. பெட்டிக்கு வேணா வையிங்க" என்றார்.

அப்போதுதான் கடைக்காரர் போனை எடுத்தார். வலது கையில் குங்குமம், இடது கையில் சந்தனம். கையைத் துடைத்துக்கொண்டு எண்ணைத் தேடினார். "சார், அந்தம்மா மேல தப்பு இல்லீங்க சார்... இல்லீங்க... கார்டு நல்லாதான் இருக்குது... நம்ம கைலதான் சின்ன மிஸ்டேக்கு" என்று இழுத்தார். சின்ன மிஸ்டேக்! ஆனாலும் சொன்னார். கௌரி ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கடைசி வரை கேட்டார். மறுநாள் காலை மண்டபத்துக்காரர்கள் வாக்த்ரூ பார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்று எனக்குத் தகவல் வந்தது. இன்றைக்கு அந்த இன்ஜினியரின் எல்லா வேலையும் கௌரிதான் செய்கிறார்.

5. என் கையெழுத்து

இதோடு முடித்தால் நான் நல்ல பெயரோடு தப்பித்துவிடலாம். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைக்காரர் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. இத்தனை வருடமாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாரே.

புதன்கிழமை காலை ஆபீசில் பழைய ரிட்டர்ன் ஃபாரங்களைத் தேடி எடுத்தேன். அந்தக் கடையில் வாங்கி, எங்களிடம் வந்து, கோல்டு ஃபிங்கர் கறை என்று திருப்பி அனுப்பப்பட்ட கார்டுகள் இன்னும் மூன்று இருந்தன. மூன்று ஃபாரத்திலும் ஒரே வரி. மூன்றிலும் என் கையெழுத்து. கடைக்காரரை அத்தனை பேச்சுப் பேசினேனே, அவர் வாயால் சொன்னதை நான் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன். அவராவது பெட்டியைத் திறக்கவில்லை. நான் திறந்து, பார்த்து, போட்டோ எடுத்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

மூன்று பேருக்கும் போன் செய்தேன். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது ஆள் மயிலத்தில் இருந்தார். முருகேசன். கல்யாண வீடியோ எடிட் செய்ய வீட்டிலேயே மிஷின் பூட்டியவர். நான் எதற்குக் கூப்பிட்டேன் என்று விளக்க ஆரம்பிப்பதற்குள், அவரே சொன்னார்:

"அந்தக் கார்டா மேடம்? அது நான்தாங்க எரிச்சிட்டேன். எனக்குக் கை வேர்க்கும். அதுக்கப்புறம் நான் எதையும் கழட்டறதில்லைங்க. மிஷினயும் வித்துட்டு இப்ப ஒரு ஸ்டூடியோவுல வேலைக்குப் போய்க்கினு இருக்கேன்."

"கார்டு இருக்கா?"

"பரண்ல கெடக்குது."

"எடுத்துக்கிட்டு வாங்க."

அடுத்த நாள் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கார்டைக் கவுன்டரில் வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் கவுன்டருக்குக் கீழே இழுத்துக்கொண்டார். ரப்பர் எடுத்தேன். அதே மஞ்சள். இரண்டு நிமிடம் தேய்த்து, துடைத்து, பெஞ்சில் பூட்டினேன். டிஸ்ப்ளே வந்தது.

அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்ப நான் எரிக்கலையா மேடம்?"

"நீங்க எரிக்கலைங்க" என்றேன். பழைய ஃபாரத்தை எடுத்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அதையே எழுதி, தேதி போட்டு, அவர் கையில் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டிஸ்ப்ளே வராத கார்டு வந்தால் கேபிளைப் பாருங்கள், பவரைப் பாருங்கள், கார்டையும் ஸ்லாட்டையும் துடையுங்கள், மறுபடி போட்டுப் பாருங்கள். 'கஸ்டமர் டேமேஜ்' என்று எழுதுவதற்கு முன்னால், அந்தக் கறை யார் கையிலிருந்து வந்தது என்று எதிரே நிற்கிறவரைக் கேளுங்கள். கேட்க அரை நிமிடம் ஆகும். முருகேசனை நான் கேட்கவில்லை. அவர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு நான்கு வருடம் இருந்தார்.